மூக்கடைத்த பிள்ளைக்கு எந்தச் சளி உறிஞ்சி? மிஸியிடம் சில கேள்விகள்

மாரி தொடங்கிவிட்டது. திருகோணமலையில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் தடிமனும் தொடங்கிவிட்டது. சிறுவர் வாட்டில் நெடுங்காலம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். சளி உறிஞ்சி பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருந்தின் அளவை என்னிடம் கேட்காதீர்கள். பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள்.

உவர்மலை, மூன்று மாதப் பிள்ளையின் அம்மா: பாமசியில் ரப்பர் குமிழ், வாயால் இழுக்கும் குழாய், பற்றரியில் ஓடுவது என்று மூன்று வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது மிஸி?

மூன்றுக்கும் முன்னால் சேலைன் சொட்டு வாங்குங்கள். 0.9 சதவீத உப்புக் கரைசல், வேறு மருந்து எதுவும் கலக்காதது. காய்ந்து ஒட்டிய சளியை எந்தக் கருவியாலும் இழுக்க முடியாது. துவாரத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். பல வேளைகளில் பிள்ளை தும்மும் தும்மலிலேயே பாதி வந்துவிடும்.

ரப்பர் குமிழ் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் பலர் அதைத் தலைகீழாகப் பாவிக்கிறார்கள். குமிழை முதலில் வெளியே வைத்து அமுக்கிக் காற்றைப் போக்கவேண்டும். அமுக்கியபடியே நுனியைத் துவாரத்தின் வாயில் வைத்து, கையை மெதுவாகத் தளர்த்தவேண்டும். மூக்கில் வைத்துவிட்டு அமுக்குகிறவர்கள் சளியை உள்ளே ஊதிவிடுகிறார்கள். இன்னொரு குறை, ஒரே துண்டாக வார்த்த குமிழின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஈரம் தங்கிக் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய குமிழ் ஒன்றைக் கத்தியால் பிளந்து பாருங்கள், அதற்குப் பிறகு என் பேச்சு தேவைப்படாது. இரண்டாகக் கழலும் சிலிக்கோன் குமிழ் கிடைத்தால் பரவாயில்லை.

வாய்க்குழாய்தான் என் தெரிவு. ஒரு முனை பிள்ளையின் துவாரத்தை ஒட்டி வெளியே நிற்கும், மறுமுனை உங்கள் வாயில், நடுவே வடிகட்டி. சுவீடனில் உருவான நோஸ்ஃபிரீடா இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இப்போது அதைப் பார்த்துச் செய்தவை பல வந்துவிட்டன. இழுவை உங்கள் மூச்சில் இருப்பதால் பிள்ளை நெளியும்போதே குறைத்துவிடலாம். குழாய் தெளிவாக இருப்பதால் வந்தது எவ்வளவு, நிறம் என்ன, கழுவியது போதுமா என்று கண்ணால் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் சட்டம் ஒன்றுதான்: கழற்றிக் கழுவிக் காயவைக்க முடியாததை வாங்காதீர்கள்.

திருக்கடலூர், ஒரு தந்தை: இணையத்தில் வாங்கிய பற்றரிக் கருவியின் பெட்டியில் 65 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கிறது. கூடிய இழுவை நல்லதுதானே?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல்தான் எல்லோரும் வாங்குகிறார்கள்.

ஒரு கிலோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 7.5 மில்லிமீற்றர் பாதரச அழுத்தம். 65-ஐப் பெருக்கிப் பாருங்கள்: 490-க்குக் கிட்ட வரும். வாட்டில் சுவரோடு பொருத்திய உறிஞ்சியைக் கைக்குழந்தைக்குப் பாவிக்கும்போது 80 முதல் 100 மில்லிமீற்றருக்குள் வைப்பதே வழக்கம். அளவுமானியைப் பார்க்காமல் திருகியைத் தொட எங்களை விடமாட்டார்கள்.

அதற்காகப் பெட்டியைத் தூக்கி எறியவேண்டாம். நுனியை முற்றாக அடைத்து அளந்தால் வரும் உச்ச எண்ணைத்தான் விற்பவர்கள் போடுவார்கள். துவாரத்தில் வைக்கும்போது ஓரத்தால் காற்றுக் கசியும், மூக்குக்குள் அவ்வளவு அழுத்தம் சேராது. ஆனால் நுனி இறுக்கமாகப் பொருந்திவிட்டால் கசிவு நின்றுவிடும். அப்போது அந்த மெல்லிய சவ்வுதான் பாடுபடும். அதனால் மிகக் குறைந்த படியில் தொடங்குங்கள். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு துவாரத்தில் சில விநாடிகளுக்கு மேல் நிற்கவேண்டாம். நுனி துவாரத்தின் வாயிலோடு நிற்கட்டும், உள்ளே நுழையக்கூடாது. சளி சேரும் கிண்ணம் கழலவேண்டும்; கழலாவிட்டால் என் சட்டத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

நிலாவெளி: ஒரு நாளைக்கு எத்தனை முறை எடுக்கலாம்?

மூன்று, மிஞ்சினால் நான்கு. பால் கொடுக்க முன்பும் தூங்கவைக்க முன்பும். பால் குடித்த உடனே எடுத்தால் அவ்வளவையும் கக்கிவிடும். அளவு மீறினால் சவ்வு வீங்கி, நீங்கள் திறக்கப்போன மூக்கு இன்னும் அடைக்கும். இரத்தக்கீற்றுத் தெரிந்தால் உறிஞ்சுவதை நிறுத்திச் சேலைனோடு இருங்கள். சத்தம் கேட்கிறது என்பதற்காகவும் எடுக்கவேண்டாம். நன்றாகக் குடித்து நன்றாகத் தூங்கும் பிள்ளையின் மூக்கில் உங்களுக்கு என்ன வேலை?

கிண்ணியா: எந்தப் பிராண்ட் நல்லது?

கழலக்கூடியது.

பாலையூற்று: மூக்குக்கு விற்கும் ஸ்பிரேயில் கடல்நீர் என்று எழுதியிருக்கிறது. நமக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, கொதிக்கவைத்து விடலாமா?

கூடாது. கடலில் உப்பு ஏறத்தாழ மூன்றரை சதவீதம், மூக்குக்கு வேண்டியதைப்போல் நான்கு மடங்கு. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி இன்னும் கரிக்கும். கடைக்காரர் அதை வடித்து, அளந்து, கிருமி நீக்கிப் போத்தலில் அடைக்கிறார். டச்சுக் குடாவில் மாலையில் நடக்கப் போங்கள், போத்தலோடு போகவேண்டாம்.

தம்பலகாமம், ஓர் அம்மம்மா: இவ்வளவு கருவி எதற்குப் பிள்ளை? நாங்கள் எங்கள் பிள்ளைகளின் மூக்கை வாயால் உறிஞ்சித்தான் எடுத்தோம். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. நீ சொல்லும் குழாயும் வாயால்தானே இழுக்கிறது?

அம்மா, கேள்வி நியாயமானது. இழுப்பது இரண்டிலும் வாய்தான். குழாயில் சளி பிள்ளையிடமிருந்து ஒரே வழியில் வருகிறது, நடுவே வடிகட்டி நிற்கிறது. நேரே வாய் வைத்தால் உங்கள் எச்சில் பிள்ளையின் மூக்குக்குப் போகிறது. உதட்டில் ஹெர்பீஸ் கொப்புளம் உள்ள ஒருவர் பிறந்த பிள்ளைக்கு அதைத் தொற்றவைத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். 

அன்புவழிபுரம், ஒரு தந்தை: மன்னிக்கவேண்டும், இரண்டுமே அருவருப்பு. பற்றரிக் கருவி இருக்கும்போது ஏன் பிள்ளையின் சளியை வாயருகே கொண்டுபோகவேண்டும்?

அருவருப்பு உங்கள் உரிமை. வடிகட்டி சரியாக இருந்தால் சளி வாய்க்கு வராது. அந்த வடிகட்டி வைரஸை மறிக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். ஆனால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறவருக்குத் தடிமன் எப்படியும் வரும்.

தம்பலகாமம் அம்மம்மா: தகப்பன்மாருக்கு இப்போது எல்லாம் அருவருப்பு. பீத்துணி துவைத்த கையால்தான் நாங்கள் சோறு பிசைந்தோம்.

மூதூர், ஒரு தாய்: மிஸி, இந்த அம்மாவின் கட்சியில்தான் என் மாமியும். வாயால் உறிஞ்சுவதோடு நிற்காமல் மூக்கில் இரண்டு துளி எண்ணெயும் விடுகிறார். சொன்னால், உன் புருஷனும் அப்படி வளர்ந்தவன்தான் என்கிறார்.

தம்பலகாமம் அம்மம்மா: எண்ணெய் விட்டால் சளி இளகும். அதிலே என்ன பிழை?

பிழை இருக்கிறது அம்மா, இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மூக்கில் விட்ட எண்ணெய் சிறு பிள்ளைக்கு இருமலையே எழுப்பாமல் வழுக்கிச் சுவாசப்பைக்குள் இறங்கிவிடும். தண்ணீரைப்போல உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளாது. அது அங்கேயே தங்கி அழற்சி உண்டாக்கும். எண்ணெயால் வரும் நிமோனியா என்று ஒரு நோயே இருக்கிறது. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ நெய்யோ, மூக்கில் வேண்டாம். தலைக்கும் உடம்புக்கும் தடவி விடுங்கள், அந்தக் கைப்பக்குவம் எங்களுக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. மூதூர்த் தாயே, மாமி திட்டினால் மிஸி சொன்னதாகச் சொல்லுங்கள், என்னைத் திட்டட்டும்.

தம்பலகாமம் அம்மம்மா: தாய்ப்பால் விடலாமா, அதற்கும் தடையா?

தாய்ப்பால் வயிற்றுக்கு. மூக்கில் காய்ந்தால் அடைப்புக்கு மேல் அடைப்பு. சேலைனைவிட அது மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை.

லிங்கநகர்: எந்தப் பிராண்ட் என்று சொல்லவில்லையே மிஸி?

கிண்ணியாக்காரருக்குச் சொன்னதுதான்.

சீனக்குடா: நெஞ்சிலும் மூக்கடியிலும் தைலம் பூசலாமா? ஆவி பிடிக்கலாமா?

இரண்டு வயதுக்குள் கற்பூரமும் மென்தோலும் கலந்த தைலம் வேண்டாம், மூக்கடியில் ஒருபோதும் வேண்டாம். மூச்சையே தடுமாறவைக்கும். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரும். ஆவி பிடிக்கப்போய்ச் சுடுதண்ணீர் கவிழ்ந்து வெந்த பிள்ளைகளை வாட்டில் பார்த்திருக்கிறேன். பெரியவர்களின் மூக்கடைப்புச் சொட்டு மருந்தும் வேண்டாம், ஒரு துளிகூட.

உப்புவெளி: கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிப்பாட்டினால் சளி போகுமா?

போகாது. ஏழு கிணற்றிலும் நீங்கள் குளியுங்கள், பிள்ளை வீட்டில் இருக்கட்டும்.

குச்சவெளி: பிறந்து இருபது நாள். தடிமன் இல்லை, ஆனாலும் மூக்குக் குறுகுறுக்கிறது, தும்முகிறது.

பிறந்த பிள்ளையின் மூக்குத் துவாரம் மிக ஒடுக்கம், கொஞ்சம் ஈரம் இருந்தாலே சத்தம் போடும். தும்மல் அது தானே செய்யும் துப்புரவு. கருவி வேண்டாம். அறையில் நுளம்புத்திரி எரிகிறதா? சாம்பிராணி போடுகிறீர்களா? இரண்டையும் நிறுத்தி நுளம்புவலை கட்டுங்கள், பாதிச் சத்தம் குறையலாம். பால் குடிக்கும்போது நீலம் பாரித்து, அழும்போது நிறம் திரும்பினால் அது வேறு விடயம். மூக்கின் பின்வழி பிறவியிலேயே அடைபட்டிருக்கக்கூடும், அன்றைக்கே காட்டுங்கள்.

ஆனந்தபுரி: சளி பச்சையாக வருகிறது. அன்ரிபயோட்டிக் வேண்டுமா? எந்தப் பிராண்ட் உறிஞ்சி?

நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. தடிமன் வைரஸால் வருவது, பச்சையாகியும் தானே மாறும். இரண்டாவது கேள்வியை நான் வாசிக்கவில்லை.

சாம்பல்தீவு: இரண்டு மாதம் ஆகவில்லை. மூன்று நாளாக மூக்கடைப்பு. இன்று பால் குடிக்க மறுக்கிறான், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. பற்றரிக் கருவி வாங்கினால் சரியாகுமா?

பாமசிக்குப் போகாதீர்கள். இப்போதே வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990-ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. இதை வாசித்து முடிக்கவேண்டாம்.

மற்றவர்களுக்கு: இது மூக்கைத் தாண்டிவிட்டது. பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, அதை எட்டினால் வேகமான மூச்சு. குழி விழுவது, முனகுவது, உதடு நீலிப்பது, குடிக்காதது, சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, மூன்று மாதத்துக்குள் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல்: எதைக் கண்டாலும் உறிஞ்சியைக் கீழே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

மட்கோ: திறந்த சேலைனை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? தம்பி ஓர் இடத்திலிருந்து அரை லீற்றர்ப் போத்தல் கொண்டுவந்து தந்தான்.

அரை லீற்றர் நரம்பில் ஏற்றுவதற்கு. திறந்தால் அதற்குள் கிருமி வளரும், பிள்ளையின் மூக்குக்கு வேண்டாம். சொட்டுப் போத்தலின் சுட்டியில் உள்ள நாளைப் பாருங்கள், பெரும்பாலும் திறந்து நான்கு வாரம். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். ஒரே போத்தலை இரண்டு பிள்ளைகளுக்குப் பாவிக்காதீர்கள்.