இடாப்பில் வெட்டிய பெயர்கள்

அன்புள்ள அண்ணா,

நம் திருகோணமலைப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன் நான். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மாணவர்கள் பதினைந்து இருபது பேர் சூமில் சேர்ந்து ஊர்க்கதை கதைப்போம். கிடுகுக் கொட்டிலில் பள்ளிக்கூடம் நடந்த நாட்கள், சூறாவளி, பெரிய சேரின் பிரம்பு, மைதானத்து நெருஞ்சி முள் என்று நேரம் போவதே தெரியாது. இவற்றைத் தொகுத்து ஒரு மலர் போட இருக்கிறோம். நுழைவாயிலில் வளைவு கட்டவும் காசு சேர்கிறது.

எங்களுக்குள் ஒரு பிணக்கு. பள்ளிக்கூட மணி, ஆங்கிலேயர் போகும்போது விட்டுச் சென்ற கப்பல் மணி என்கிறார் ஒருவர். இல்லை, தண்டவாளத் துண்டு என்கிறேன் நான். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். விபுலானந்த அடிகள் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள், முதல் பக்கத்தில் போடலாம். தையில் ஊருக்கு வருகிறேன்.

என் அப்பா கட்டணம் கட்டி ஆங்கிலப் பாடசாலையில் படித்தவர். அந்தத் தரம் நம் காலத்தில் இருக்கவில்லை என்பார். ஆனாலும் அந்தக் கொட்டிலில் இருந்து, அந்தப் பிரம்படி வாங்கி, எங்கள் வகுப்பில் படித்த அத்தனை பேரும் நல்ல நிலைக்கு வந்துவிட்டோம். அதுதான் பெரிய ஆச்சரியம்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த கிழமைதான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்திருந்தேன். பேரனின் விடுகைப் பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. அலுவலக அறையில் இருந்த பிள்ளை எதையோ தேடி மூலை அலுமாரியைத் திறந்தபோது, கீழ்த்தட்டில் பழைய இடாப்புகள், பிள்ளைகளின் வரவுப் பதிவேடுகள், கட்டுக் கட்டாக இருப்பதைக் கண்டேன். கேட்டு வாங்கி, வாசல் வாங்கில் இருந்து ஒரு மணித்தியாலம் புரட்டினேன். கறையான் ஓரங்களைத் தின்றிருக்கிறது. நடுப்பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. 1985 இலும் 1990 இலும் போரில் ஊர் சிதறி ஓடியபோதெல்லாம் அந்த அலுமாரி எப்படித் தப்பியது என்று நினைக்க நெஞ்சு அடைக்கிறது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைவு. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்திருக்கிறது.

முதலில் விபுலானந்த அடிகளை விட்டுவிடுங்கள். இராமகிருஷ்ண மிஷனுக்காக அவர் பாடுபட்டது இந்துக் கல்லூரிக்கு. 1947 ஜூலையில் அவர் மறைந்துவிட்டார். நம் கொட்டிலுக்குக் கப்பு நட்டது அதற்குப் பத்து வருடம் கழித்து, வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்த 1957 இல். வராத பெரியவரை வந்ததாக எழுதிப் பள்ளிக்கூடத்துக்குப் பெருமை தேடுவது அவருக்கும் மரியாதை இல்லை, நமக்கும் மரியாதை இல்லை. வளைவு கட்டுவது உங்கள் விருப்பம். காசு உங்களுடையது.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் படித்த காலத்தில் இந்த ஊரில் ஆங்கிலப் பாடசாலை வேறு, தமிழ்ப் பாடசாலை வேறு. புனித சூசையப்பர் கல்லூரி 1867 இல் தொடங்கியது, இந்துக் கல்லூரி 1897 இல். நல்ல பள்ளிக்கூடங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் 1945 அக்டோபரில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வரும்வரைக்கும் ஆங்கிலம் படிக்க மாதம் மாதம் காசு கட்ட வேண்டும். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை தமிழ்ப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு, மிஞ்சினால் எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் கதவு இல்லை. என் அப்பாவுக்கு அந்த ஐந்தும் முடியவில்லை. 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பான்காரன் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டான். ஆச்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்கு ஓடினார். ஊர் அடங்கித் திரும்பி வந்தபோது அப்பாவுக்கு மீசை அரும்பிவிட்டது. டொக்யாட்டில், கடற்படையின் கப்பல் பட்டறையில், கூலிக்குச் சேர்ந்தார். சாகும்வரை, படிவத்தில் 'கல்வித் தகைமை' என்ற இடம் வந்தால் பேனையை என்னிடம் தந்துவிடுவார். ஆகவே, அந்தக் காலத்துத் தரம் என்று யாரும் சொல்லும்போது, யாரை வெளியே நிறுத்திவிட்டு வந்த தரம் என்று என் வாய் கேட்டுவிடுகிறது. உங்கள் அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் உங்கள் மேல்தான், தம்பி. 'அத்தனை பேரும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லின் மேல்.

அத்தனை பேரும் என்றால் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தீர்களா? சூமில் பதினைந்து இருபது முகம் தெரிகிறது, அதுதான் வகுப்பு என்று நினைத்துவிட்டீர்கள். ஆறாம் வகுப்பில் நாங்கள் வாங்குக்கு நாலு பேர் நெருக்கிக்கொண்டு இருந்தோம். முழங்கை இடிக்கிறது என்று தினமும் சண்டை வரும். சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் அதே வாங்கில் இரண்டு பேர் காலை நீட்டிக்கொண்டு இருந்தோம். மற்ற இரண்டு பேர் எங்கே போனார்கள்? உங்கள் வகுப்பிலும் அப்படித்தான் இருந்திருக்கும். வாங்கு விசாலமானது சுகமாக இருந்ததால் நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கரை மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்தவர்கள், வாடைக்காலத்தில் லோஞ்ச் ஓடாததால் கிழமைக்கணக்கில் பாடம் விட்டு, அப்படியே நின்றார்கள். பெண் பிள்ளைகள் பெரியபிள்ளையானதும் நின்றார்கள். சாமத்தியச் சடங்குக்குப் போய்ச் சாப்பிட்டு வந்த ரீச்சர்மாரே திங்கட்கிழமை இடாப்பில் அந்தப் பெயரைக் கூப்பிடாமல் தாண்டிப் போனார்கள். பெண்கள் படிக்க வேண்டும் என்று தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மா 1923 இலேயே பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் இது. நாற்பது வருடம் கழித்தும் நம் கொட்டிலில் நடந்தது இது.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

1964 மார்கழிச் சூறாவளி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விடுமுறை முடிந்து தையில் போனபோது கூரையே இல்லை. கப்புகள் மட்டும் நின்றன. வேப்பமரத்தடியில் படித்தோம். ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூடி மேய்ந்தார்கள். கிடுகு பல வீட்டிலிருந்து வந்தது. கட்டுவதற்குக் கயிறு போதவில்லை. என் வாங்கில் என் இடது கைப்பக்கம் இருந்தவனின் தகப்பன் திருக்கடலூரில் கரைவலைக்காரர். வாடைக்குக் கடல் மொத்தும், வலை கரையில்தான் கிடக்கும். அவர் தோளில் ஒரு சுருள் தும்புக் கயிறோடு வந்தார். கடல் உப்பில் ஊறி வெளுத்த கயிறு. கையில் பட்டால் அறுக்கும். அந்தக் கயிற்றில்தான் அந்த வருடம் முழுக்க நம் கூரை நின்றது. மழை பெய்தால் கயிற்றிலிருந்து உப்பு மணத்தோடு தண்ணீர் சொட்டும். கொப்பியில் விழுந்த இடத்தில் மை ஊறிப் பரவும்.

நம் கடலைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கடல் வசமாவது சித்திரைக்குப் பிறகு. புரட்டாதி வரை மீன் பாடு. நீர்கொழும்பிலிருந்துகூட ஆட்கள் வந்து கரையில் வாடி, அதாவது குடில், போடுவார்கள். கரைவலைக்கு ஆள் பலம் வேண்டும். இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டு இழுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெடியனுக்கும் ஒரு கை கயிறு உண்டு, ஒரு பங்கு மீன் உண்டு. பள்ளிக்கூடத்தின் இரண்டாம் தவணை எப்போது? மே தொடங்கி ஆகஸ்ட் வரை. கொழும்பில் தவணை பிரித்தவர் யாரும் திருகோணமலைக் கடலைக் கேட்டுப் பிரிக்கவில்லை. வீட்டுக்குச் சோறு வருகிற நாலு மாதமும் வகுப்பில் பிள்ளை இருக்க வேண்டிய நாலு மாதமும் ஒன்றாகவே வந்தன. அவன் வருடா வருடம் அந்தத் தவணையில் பாதி நாள் வரமாட்டான். காய்ச்சல் என்பான்.

1965 இல் நான் ஏழாம் வகுப்பு மொனிட்டர். இடாப்பைத் தூக்கிக்கொண்டு திரிகிற பெருமை எனக்கு. ஒரு நாள் வகுப்பாசிரியர், "இவனுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். "வருத்தம் ஒன்றும் இல்லை சேர். கடற்கரையில் வலை இழுக்கிறான், நான் கண்டனான்" என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. உண்மை பேசிய பிள்ளை என்று பெயர் வாங்க ஆசை.

இரண்டு நாள் கழித்து வந்தான். உள்ளங்கையை நீட்டச் சொன்னார்கள். கயிறு இழுத்து ஏற்கெனவே தோல் கிழிந்திருந்த கை. முதல் அடியிலேயே நீர் கசிந்தது. எண்ணிப் பத்து. அவன் அழவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. இடைவேளைக்கு வெளியே போனவன் புத்தகத்தை எடுக்கவும் திரும்பி வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் வகுப்பாசிரியர் அடிமட்டம் வைத்து, சிவப்பு மையால் அவன் பெயருக்கு மேல் கோடு இழுத்தார். இடாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கோடு வளையக்கூடாது என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அடுத்த வருட இடாப்பில் என் இலக்கம் 14 இலிருந்து 11 ஆனது. எனக்கு முன்னால் இருந்த மூன்று பேர் போய்விட்டார்கள், நான் மேலே ஏறிவிட்டேன்.

அலுமாரியில் கண்டது அந்தப் பக்கத்தைத்தான். சிவப்பு மை மண்ணிறமாகிவிட்டது. கோடு இன்னும் நேராகவே இருக்கிறது. பிள்ளைகளைச் சேர்க்கும்போது எழுதும் சேர்விடாப்பில் கடைசி நிரல் 'விலகிய காரணம்'. அவன் பெயருக்கு எதிரே 'ஒழுங்கீனம்' என்று இருக்கிறது. தம்பி, கூரைக்குக் கயிறு கொண்டுவந்த வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய காரணம் அது.

பிரம்பு உங்களை மனிதராக்கியது என்கிறீர்கள். 2005 இல் கல்வி அமைச்சே அடிக்கக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டுவிட்டது, அதைப் பற்றி நான் புதிதாக வாதாட வேண்டியதில்லை. ஆனால் அடி வாங்கியும் மிஞ்சியவர்கள் கூடியிருந்து பிரம்பைப் புகழும்போது, அடியோடு போனவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவனிடம் யாரும் கேட்கவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் நல்ல மனசுக்காரர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு உரிமையோடு ஏசுகிறேன்.

அவனை நான் திரும்பக் கண்டது முப்பது வருடம் கழித்து, கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில். அவன்தான் முதலில் கதைத்தான். மகள் உயர்தரம் படிக்கிறாள் என்றான். "ரெண்டாந் தவணையிலையும் ஒரு நாள் மறிக்காமல் அனுப்பினனான்" என்றான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதை விடு, உன்ரை கூப்பனை நீட்டு, ஆள் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்று தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டான். இப்போது அவன் இல்லை. பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள், அதனால் பெயர் எழுதவில்லை. மலரில் எழுத அவர்களிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

மலரை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. போடுங்கள். பெரிய சேரின் படமும் போடுங்கள். ஆனால் 1957 முதல் 1970 வரைக்கும் உள்ள இடாப்புகளில் சிவப்புக் கோடு விழுந்த பெயர்களை முன்பக்கங்களில், மற்றவர்களின் பெயரைப் போலவே முழுப் பெயராக, வகுப்போடும் ஆண்டோடும் போட வேண்டும். உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். திருக்கடலூரில் இருக்கிறார்கள், மூதூரில் இருக்கிறார்கள், சிலர் தமிழ்நாட்டு முகாம்களில். அவர்கள் அந்தக் கொட்டிலில் இருந்தது ஆறு மாதமோ ஆறு வருடமோ, ஞாபகம் இருப்பதைச் சொல்லட்டும். நெருஞ்சி முள் அவர்கள் காலிலும் குத்தியது. சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். வளைவுக்குச் சேர்த்ததில் கொஞ்சம் எடுத்து, கறையான் முழுக்கத் தின்பதற்கு முன் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துவிடுங்கள்.

மணி தண்டவாளத் துண்டுதான். வேப்பங்கிளையில் கம்பியில் தொங்கியது. நீங்கள் வென்றுவிட்டீர்கள். அதைத் தினமும் அடித்த அப்பு யார், அவர் பெயர் என்ன என்று ஞாயிற்றுக்கிழமை எல்லாரிடமும் கேட்டு எனக்கு எழுதுங்கள். நான் இடாப்பில் தேடிப் பார்த்தேன், அவர் பெயர் எந்த இடாப்பிலும் இல்லை.

தையில் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வந்ததும் வீட்டுக்கு வாருங்கள், இருவருமாகப் போய் அதிபரைக் கேட்போம். காலையிலேயே வாருங்கள். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள்.

அன்புடன்,
அண்ணன்