ஒரே கோலுக்கு இரண்டு கணக்கு ஏன்?

கேள்வி: மன்னார்குடியில் நண்பர்கள் சேர்ந்து இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்தின் ஃபேன்டஸி ஆட்டம் ஆடுகிறோம்: நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்தால், களத்தில் அவர்கள் செய்வதற்கேற்ப நமக்குப் புள்ளி வரும். என் அணியில் இருந்தவர் பெனால்டி வாங்கிக் கொடுக்க, இன்னொருவர் அதைக் கோலாக்கினார். ஃபேன்டஸியில் என் வீரருக்கு அசிஸ்ட் (கோலுக்கு உதவியது) என்று 3 புள்ளி வந்தது. ஸ்கோர் செயலியிலோ அசிஸ்டே காட்டவில்லை. எது சரி? எந்தப் புள்ளிவிவரத்தை நம்பி அணி எடுப்பது?

பதில்: இரண்டும் சரிதான். பிரீமியர் லீக்கின் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரத்தை எடுப்பது ஆப்டா நிறுவனம். அவர்கள் கணக்கில், கோல் அடித்தவருக்குக் கடைசியாகப் பந்தைக் கொடுத்தவருக்குத்தான் அசிஸ்ட். ஃபேன்டஸி விதி இன்னும் தாராளமானது. பெனால்டியோ ஃப்ரீ கிக்கோ வாங்கிக் கொடுத்து, அதை இன்னொருவர் நேராகக் கோலாக்கினால், வாங்கியவருக்கு அசிஸ்ட் உண்டு. வாங்கியவரே அடித்தால் கிடையாது. ஒருவர் அடித்த ஷாட் கோல்கீப்பரிடமோ கம்பத்திலோ பட்டுத் திரும்பி, சக வீரர் அதை உள்ளே தள்ளினாலும் முதலில் அடித்தவருக்கு அசிஸ்ட். ஆகவே உங்கள் 3 புள்ளி நியாயமானது.

கோல் யாருடையது என்பதிலும் இதே மாதிரி சிக்கல் வரும். கோலை நோக்கிப் போன ஷாட் டிஃபெண்டர் மேல் பட்டுத் திசைமாறி உள்ளே போனால், அடித்தவருக்கே கோல். வெளியே போகவிருந்த பந்து பட்டு உள்ளே போனால் அது ஓன் கோல் (தன் அணிக்கு எதிராகவே விழுந்த கோல்), டிஃபெண்டருக்கு 2 புள்ளி கழியும். பந்து எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை மனிதர்கள்தான் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் சரிபார்ப்பு நடக்கும். அதனால் இரவில் பார்த்த புள்ளி காலையில் மாறியிருந்தால் பதற வேண்டாம்.

இனி அணித் தேர்வு. 2025-26 சீசனில் வந்த ஒரு விதியை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பலர் கோட்டைவிடுவது இதில்தான். டேக்கிள் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), இன்டர்செப்ஷன் (பாஸை இடைமறிப்பது), கிளியரன்ஸ் (ஆபத்தான இடத்திலிருந்து பந்தை அடித்து விலக்குவது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது) நான்கும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் 10 ஆனால் டிஃபெண்டருக்கு 2 புள்ளி. மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் 12 வேண்டும். ஆனால் அவர்களுக்குத் தளர்ந்த பந்தை மீட்பதும் கணக்கில் சேரும். அவர்கள் 11 எடுத்தால் ஒன்றும் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்புவது போலத்தான்: கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதே கேள்வி. 24 எடுத்தாலும் அதே 2 புள்ளிதான்.

அதனால் சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு மிட்ஃபீல்டர் மூன்று ஆட்டங்களில் 20, 8, 6 என்று 34 எடுக்கிறார். அவருக்கு 2 புள்ளி. இன்னொருவர் 12, 12, 10 என்று அதே 34 எடுக்கிறார், அவருக்கு 4. எத்தனை ஆட்டத்தில் கோட்டைத் தொட்டார் என்று எண்ணுங்கள். அடிக்கடி முற்றுகைக்குள்ளாகும் அணியின் சென்டர் பேக்குக்கு கிளியரன்ஸ் நிறைய விழும். என் பார்வையில், விலை குறைந்த டிஃபெண்டர்களை எடுக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

முன்வரிசைக்குப் போன வாரக் கோலைப் பார்க்காதீர்கள். எக்ஸ்ஜி பாருங்கள்: ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பு அது. பெனால்டி ஒன்றுக்கே ஏறத்தாழ 0.79. பெனால்டி அடிப்பவர் யார் என்று தெரிந்துவைத்திருப்பது அவ்வளவு முக்கியம். அப்புறம், அவர் 60 நிமிடமாவது ஆடுகிறாரா? ஆடினால்தான் 2 புள்ளி, அதற்குக் குறைந்தால் 1. டிஃபெண்டருக்குக் கிளீன் ஷீட் (அணி கோல் வாங்காமல் இருப்பது) 4 புள்ளி கிடைக்கவும் அந்த 60 நிமிடம் தேவை. அவர் வெளியேறிய பிறகு அணி கோல் வாங்கினால் அது அவரைப் பாதிக்காது.

வீரர் ஆடும் நிலையையும் கவனிக்க வேண்டும். ஒரே கோலுக்கு ஃபார்வர்டுக்கு 4, மிட்ஃபீல்டருக்கு 5, டிஃபெண்டருக்கு 6. களத்தில் முன்னால் ஆடிக்கொண்டு, ஃபேன்டஸி பட்டியலில் மிட்ஃபீல்டராக இருப்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாக நேரம். அந்த வார முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே அணி மாற்றம் மூடிவிடும். சனிக்கிழமை அங்கே மதியம் 12.30 ஆட்டம் முதலாவது என்றால், நமக்கு மாலை 3.30 மணிக்குள் முடிக்க வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றிய பிறகு, மார்ச் கடைசி ஞாயிறு வரை அது 4.30.