வலிப்பு வரவில்லை, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 19, தக்காளி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறான். வலிப்புக்கு கார்பமசெபின் சாப்பிடுகிறான். 8 மாதமாக வலிப்பு வரவில்லை, இனி மாத்திரை எதற்கு என்கிறான். நிறுத்தலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: வேண்டாம்மா. மாத்திரை வேலை செய்வதால்தான் வலிப்பு அடங்கியிருக்கிறது, திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக, சில சமயம் விடாமல் தொடர்ந்தும் வரலாம், 5 நிமிடம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பொதுவாக 2 வருடமாவது வலிப்பில்லாமல் இருந்த பிறகுதான் டாக்டர் யோசிப்பார், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார். விடியற்காலை லோடு என்றால் தூக்கமும் கெடும், மாத்திரையும் தவறும், எனக்கு அதுதான் பயம். கிணற்று நீச்சல் இப்போதைக்கு வேண்டாம். அப்புறம், இந்த மாத்திரை சாப்பிடும்போது உடம்பில் தடிப்போ, காய்ச்சலோடு வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.