திமிர் பிடித்த ஸ்பிரின்டரைக் கொண்டாடலாமா? – வாசகர் கேள்வி பதில்

டூர் டி பிரான்ஸ் (சுருக்கமாக டூர்) சைக்கிள் பந்தயம் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடைசி 200 மீட்டரையும், அங்கே முடிவுக்கோட்டை நோக்கிப் பாயும் வேக வீரர்களான ஸ்பிரின்டர்களையும் சுற்றியே இருந்தன. சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பிரிட்டனின் ஸ்பிரின்டர் மார்க் கேவண்டிஷின் வேகம் பிடிக்கும், ஆளைப் பிடிக்கவில்லை. நிருபர்களிடம் எரிந்து விழுந்தார், மெக்கானிக்கைத் திட்டினார். இப்படிப்பட்டவருக்கு ரசிகனாக இருப்பது சரியா?
– வாசகர், மதுரை

தாராளமாக இருக்கலாம். முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகு வாயில் வரும் முரட்டுத்தனத்தையும், கோட்டுக்கு முன்னால் ஹேண்டில்பாரில் வரும் முரட்டுத்தனத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இருந்தால் போதும். முதலாவதால் ஒரு நிருபரின் முகம் வாடும். இரண்டாவதால் எலும்பு முறியும்.

கேவண்டிஷின் வாய்க் கணக்கு நீளமானதுதான். 2010 ரோமாண்டி பந்தயத்தில் ஒரு கட்டத்தை (ஒரு நாள் ஓட்டத்தை) வென்றபோது, தன்னைக் குறை சொன்னவர்களுக்காக இரண்டு விரலை உயர்த்தி ஆங்கிலேயர் பாணியில் ஒரு கெட்ட சைகை காட்டினார். சொந்த அணியே அவரைப் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது. அதே அணியில் இருந்த ஆந்த்ரே கிரைப்பல் வெல்வதெல்லாம் சில்லறைப் பந்தயங்கள் என்று வெளிப்படையாகவே மட்டம் தட்டினார். 2021 டூரில் சைக்கிளைச் சரியாகத் தயார் செய்யவில்லை என்று கேமராவுக்கு முன்னாலேயே மெக்கானிக் மீது கத்தினார். எங்களைக் கேட்டால் இந்த மூன்றில் கடைசியதுதான் மோசம். நிருபர் திருப்பி எழுதலாம், கிரைப்பல் திருப்பி ஜெயிக்கலாம். மெக்கானிக்கால் திருப்பிக் கத்த முடியாது. கேவண்டிஷ் பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹேண்டில்பார் கணக்கிலும் அவர் சுத்தமில்லை. 2010 சுவிஸ் பந்தயத்தில் கோட்டுக்குச் சற்று முன் தன் பாதையை விட்டு விலகி ஹைன்ரிக் ஹவுஸ்லர் மீது மோத, பின்னால் வந்தவர்களும் சேர்ந்து விழுந்தார்கள். மறுநாள் காலை மற்ற வீரர்கள் புறப்படாமல் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். பேட்டியில் பேசிய எதற்கும் சக வீரர்கள் இப்படி நின்றதில்லை. 2014 டூரின் முதல் நாள் ஹாரோகேட்டில் சைமன் கெரன்ஸை இடித்துத் தள்ளி, தானும் விழுந்து தோள்பட்டை மூட்டு விலகியது. அன்றே தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2024 டூரின் முதல் கட்டம் ஃபுளோரன்ஸிலிருந்து ரிமினிக்கு. வெயிலில் கேவண்டிஷ் சைக்கிளில் இருந்தபடியே வாந்தி எடுத்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர வரம்பு உண்டு. தாண்டினால் பந்தயத்திலிருந்தே வெளியே. அணித் தோழர்கள் அவருடனேயே பின்தங்கி, காற்றை மறைத்து, வரம்புக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள்தானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அணியையே மதிக்காதவனுக்காக இப்படி ஒரு வேலையை யாரும் மனசோடு செய்வதில்லை. வென்ற நாட்களில் அவர் முதலில் பேசியது பெரும்பாலும் தன்னை இழுத்து வந்தவர்களைப் பற்றித்தான். அந்த டூரின் ஐந்தாவது கட்டத்தில், ஜூலை 3 அன்று, சான் வூல்பாவில் 39 வயதில் அவர் பெற்றது டூரில் அவருடைய 35வது கட்ட வெற்றி. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனை அன்று முறிந்தது.

வாய்த்துடுக்குக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு 2020 ஆகஸ்ட் 5, போலந்து பந்தயம், கடோவிச் நகரம். டிலன் குருனவேகன் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர் அல்ல. இறக்கத்தில் முடியும் பாதையில், மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில், விலகி வந்து ஃபாபியோ யாகோப்சனைத் தடுப்பு வேலியோடு சேர்த்து அடைத்தார். வேலி பிய்த்துக்கொண்டு பறந்தது. யாகோப்சன் கோமாவுக்குப் போனார், முகத்துக்குப் பல அறுவை சிகிச்சைகள். குருனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. இறக்கத்தில் முடிவுக்கோட்டை வைத்த ஏற்பாட்டாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. யாகோப்சன் மறு ஆண்டே ஸ்பெயின் சுற்றில் மூன்று கட்டங்கள் வென்றார்.

டிவியில் பார்க்கும்போது யார் யாரை இடித்தார் என்றே புரிவதில்லை. நடுவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
– வாசகி, கோயம்புத்தூர்

விதி ஒற்றை வரிதான்: ஸ்பிரின்டைத் தொடங்கும்போது எந்தப் பாதையில் இருக்கிறாரோ, அதைவிட்டு விலகி மற்றவருக்கு இடையூறோ ஆபத்தோ தரக்கூடாது. வேகமாகப் போனதற்கோ தோளோடு தோள் உரசியதற்கோ தண்டனை இல்லை.

முடிவுக்கோட்டுக்குப் பின்னால் நின்று நேர் எதிரே எடுக்கும் கேமராவை நம்பாதீர்கள். அது தூர லென்ஸ். முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைச் சுருக்கிக் காட்டும். இரண்டு மீட்டர் தள்ளி இருப்பவர்கூட ஒட்டிக்கொண்டு வருவதுபோலத் தெரிவார். ஹெலிகாப்டர் காட்சி வரும்வரை காத்திருங்கள். வந்ததும் ஆளைப் பார்க்காமல் சாலையைப் பாருங்கள். நடுக்கோடு, ஓர வெள்ளைக்கோடு, தார் ஒட்டுப்போட்ட இடம், ஏதாவது ஒரு அடையாளம் இருக்கும். அவர் சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கத் தொடங்கிய நொடியில் முன்சக்கரம் அந்த அடையாளத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, கோட்டைத் தொடும்போது எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். சாலையே வளைந்தால் வளைவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அடுத்து, பின்னால் வந்தவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்த பிறகு கதவை அடைத்தால் குற்றம். வருவதற்கு முன்பே பாதை மூடியிருந்தால், இல்லாத சந்தில் நுழைந்தவர் மீதுதான் தவறு. முன்னவர் அக்குளுக்கு அடியில் திரும்பிப் பார்த்தாரா என்பதும் முக்கியம். பார்த்துவிட்டு விலகியவரிடம் ‘தெரியாமல்’ என்ற வாதம் எடுபடாது.

முழங்கையைக் கடைசியில் பாருங்கள். 2017 டூரின் நான்காவது கட்டம், வித்தல் நகரம். தடுப்பு ஓரமாக வந்த கேவண்டிஷ் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். முன்னால் இருந்த பீட்டர் சகனின் முழங்கை வெளியே நீண்டது படத்தில் பளிச்சென்று தெரிந்தது. முதலில் அவரைக் கூட்டத்தின் கடைசிக்குத் தள்ளிய நடுவர்கள், பிறகு பந்தயத்தை விட்டே நீக்கினார்கள். வேறு கோணங்களை நிதானமாகப் பார்த்தபோது, முழங்கை நீளும் முன்பே கேவண்டிஷ் சாய்ந்துவிட்டது தெரிந்தது. நீக்கத்தை எதிர்த்துச் சகன் தரப்பு தொடுத்த வழக்கு அந்த டிசம்பரில் சமரசமாக முடிந்தது. சகன் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஏற்கப்பட்டது. அதிகப் புள்ளி எடுப்பவருக்குத் தரும் பச்சை ஜெர்சிக்கான வாய்ப்பு மட்டும் திரும்பவில்லை. 2024 டூரில் டிஜோனில் நடந்தது இதற்கு நேர்மாறு. யாஸ்பர் பிலிப்சன் தடுப்பு வேலி பக்கமாகச் சரிந்து வூட் வான் ஆர்ட்டின் வழியை அடைத்தது மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவதாக வந்தும் கூட்டத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்.

கோபக்காரனாக இருந்தால்தான் ஸ்பிரின்டில் ஜெயிக்க முடியுமா?
– மாணவர், திருநெல்வேலி

இல்லை. டூரில் 14 கட்டங்கள் வென்ற மார்சல் கிட்டலும் 11 வென்ற கிரைப்பலும் சாதுவானவர்கள். கிரைப்பலுக்கு ‘கொரில்லா’ என்று பட்டப்பெயர். உடம்பைப் பார்த்து வைத்தது. 2024இல் மூன்று கட்டங்களும் பச்சை ஜெர்சியும் வென்ற எரித்திரியாவின் பினியம் கிர்மாயும் யாரிடமும் வம்புக்குப் போகிறவர் அல்ல.

வேகத்தின் ரகசியம் காற்றில் இருக்கிறது. தட்டைச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வீரர் செலவிடும் சக்தி கிட்டத்தட்ட முழுவதும் காற்றைக் கிழிக்கவே போகிறது. தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 65இலிருந்து 70க்குப் போகச் சுமார் 25 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். அதனால்தான் ஸ்பிரின்டரைக் கடைசி நொடி வரை ஒருவர் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைக்கிறார்கள். அணியில் எட்டுப் பேர். பத்து கிலோமீட்டர் இருக்கும்போதே ஒவ்வொருவராக முன்னால் வந்து, தன்னால் முடிந்தவரை இழுத்துவிட்டு விலகுவார். வேகம் குறைந்தால் பக்கவாட்டில் மற்ற அணிகள் புகுந்து ஸ்பிரின்டரைப் பெட்டிக்குள் அடைத்துவிடும். கடைசி ஆள் சுமார் 200 மீட்டரில் விட்டுவிடுவார். எதிர்க்காற்று என்றால் 150 மீட்டர் வரை பொறுக்க வேண்டும். பின்காற்று என்றால் 250இலேயே கிளம்பலாம். 70 கிலோமீட்டர் வேகத்தில் 200 மீட்டர் என்பது பத்தே வினாடி. ஐம்பது மீட்டர் முன்னதாகக் கிளம்பியவர் கோட்டுக்கு முன்னால் கால் கட்டி நிற்பதை வாராவாரம் பார்க்கலாம்.

கேவண்டிஷின் உச்ச சக்தி கிட்டலைவிடக் குறைவு. உயரமும் குறைவு. தலையை ஹேண்டில்பாருக்கும் முன்னால் தாழ்த்தி, முன்சக்கரத்தின் மேல் கவிழ்ந்து மிதித்ததால் காற்றில் படும் பரப்பு சிறுத்துவிட்டது. இதையெல்லாம் கோபம் செய்வதில்லை. கோபம் செய்வது ஒன்று உண்டு: சந்து மூடும் முன் தயங்காமல் நுழைய வைக்கும். அதைக் கிட்டல் கோபமில்லாமலே செய்தார். 2017இல் நுயி சான் ஜார்ஜில் அவர் எட்வால்ட் போசன் ஹேகனை வென்றது ஆறு மில்லிமீட்டரில்.

பதினான்கு வயது மகன் சைக்கிள் கிளப்பில் இருக்கிறான். ‘முழங்கையால் இடிப்பதும் திறமைதான்’ என்று வாதாடுகிறான். என்ன சொல்வது?
– தாய், சென்னை

பாதி சரி. இடிபட்டாலும் விழாமல் இருப்பது திறமை; இடிப்பது அல்ல. அதைப் பயிற்சியாளர் முன்னிலையில் புல்தரையில் கற்றுக்கொடுக்கலாம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, காலைப் பூட்டாத சாதாரண பெடல் போட்டு, ஹெல்மெட்டும் கையுறையும் அணிந்து, மெல்ல ஓடும் வேகத்தில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் போக வேண்டும். முதலில் தோளோடு தோள் சாய்ந்து இருபது மீட்டர். பிறகு முழங்கையோடு முழங்கை. கைகள் ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருக்கட்டும். அங்கே கை வழுக்காது. வளைந்து சற்றே வெளியே நிற்கும் முழங்கை அடுத்தவர் ஹேண்டில்பார் தன்னுடையதில் சிக்காமல் காக்கும். கையை விறைத்துக்கொண்டால் இடி நேரே முன்சக்கரத்துக்கு இறங்கும், அப்போதுதான் விழுவான்.

மூன்றாவது பாடம் சக்கர உரசல். பின்னவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தைத் தொட்டால் விழுவது பெரும்பாலும் பின்னவர்தான், ஏனென்றால் திருப்பிச் சமநிலை செய்ய அவரிடம் இருக்கும் ஒரே சக்கரம் அதுதான். பதறி வெளிப்பக்கம் இழுப்பது இயல்பு, அதுதான் தவறு. உரசும் பக்கமாகவே லேசாகச் சாய்ந்து, வேகத்தைக் கொஞ்சம் விட்டால் சக்கரம் தானாகப் பிரியும். புல்லில் இது கைவந்த பிறகுதான் தார்ச்சாலை.

தலையால் முட்டலாமா என்று அடுத்துக் கேட்பான். 2010 டூரில் கேவண்டிஷை இழுத்து வந்த மார்க் ரென்ஷா, ஜூலியன் டீனை மூன்று முறை தலையால் முட்டினார். கேவண்டிஷ் கட்டத்தை வென்றார். ரென்ஷா அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

மஞ்சள் அட்டை சைக்கிளிலும் வந்துவிட்டதாமே?
– வாசகர், ஈரோடு

வந்துவிட்டது. 2024இல் சோதனை, 2025 முதல் நடைமுறை. ஒரே பந்தயத்தில் இரண்டு வாங்கினால் வெளியேற்றமும் ஏழு நாள் தடையும். 30 நாளுக்குள் மூன்று என்றால் 14 நாள் தடை.

பாரிஸில் இருக்கிறேன். ஸ்பிரின்டை நேரில் பார்க்க எங்கே நிற்பது நல்லது?
– வாசகர், லா ஷபேல்

முடிவுக்கோட்டில் நிற்க வேண்டாம். அங்கே விருந்தினர் மேடைகள், கூட்டம், ஒன்றும் தெரியாது. கோட்டுக்கு 200 முதல் 300 மீட்டர் முன்னால், பெரிய திரை கண்ணில் படும் இடமாகப் பாருங்கள். இழுத்து வந்தவர் விலகுவதும் ஸ்பிரின்டர் எழுவதும் அங்கேதான் நடக்கும். முடிவைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

கைபேசியை வேலிக்கு வெளியே நீட்டாதீர்கள். 1994 டூரில் ஆர்மன்டியேரில், வேலிக்கு உள்ளே நின்ற ஒரு காவலர் படம் எடுக்க முன்னால் வந்தார். வில்ஃப்ரீட் நெலிசன் தலை குனிந்து முழு வேகத்தில் அவர் மீது மோதினார். லாரன்ட் ஜலாபேர் முகம் உடைந்து விழுந்தார்.

உங்களுக்குப் பிடித்த முரட்டு ஸ்பிரின்டர்?
– பலர்

ராபி மெக்யூவன், ஆஸ்திரேலியா. இழுத்துவிட ஆட்களின் வரிசை இல்லாமல், அடுத்த அணிகளின் முதுகில் தொற்றிக்கொண்டே டூரில் 12 கட்டங்கள் வென்றவர். 2005இல் தூர் நகரில் சொந்த நாட்டுக்காரர் ஸ்டுவர்ட் ஓ’கிரேடி மீது தலையைச் சாய்த்து முட்டியதற்காகக் கடைசிக்குத் தள்ளப்பட்டார்; அந்தத் தண்டனை சரியானதே. இரண்டு நாள் கழித்து மோன்டார்ஜியில் யாரையும் தொடாமல் வென்றார்.