குழுவில் ஓர் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நிறுவனத்தில் ஊழியர் பங்கேற்புக் குழு என்று ஒன்றை அமைத்து என்னையும் உறுப்பினராக்கினார்கள். நிர்வாகம் பேசும், நாங்கள் தலையாட்டுவோம். இப்போது ஷிப்ட் நேரத்தை மாற்றிவிட்டு, “உங்கள் பிரதிநிதிகள் ஒப்புக்கொண்டதுதானே” என்கிறார்கள். சக ஊழியர்களுக்கு என்மேல் கோபம். பங்கேற்பு என்பதே ஏமாற்றுதானா? விலகிவிடட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எல்லாப் பங்கேற்பும் ஏமாற்றல்ல. உங்களுடையது அப்படித்தான் தெரிகிறது.

டச்சு உளவியலாளர் மௌக் முல்டர் 1971இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். விஷயம் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் சேர்த்து உட்காரவைத்தால் அதிகார இடைவெளி குறையாது, கூடவும் செய்யலாம் என்பது அதன் சாரம். கணக்கும் திட்டமும் கையில் இருப்பவர் பேசப் பேச, மற்றவர் அதையே சரியென்று நம்பத் தொடங்குகிறார். உத்தரவாக வந்திருந்தால் மனதுக்குள்ளாவது திட்டலாம். ‘நாமே எடுத்த முடிவு’ என்றானபின் அதற்கும் வழியில்லை.

ஜெர்மனியைப் பாருங்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் ஊழியர் தரப்புக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. தலைவர் பெரும்பாலும் பங்குதாரர் பக்கத்து ஆள். கெட்டிக்காரர்கள்!

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அங்கே பணியிடங்களில் ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றம். மன்றம் உள்ள இடத்தில், தினசரி வேலை தொடங்கும், முடியும் நேரத்தை நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மன்றம் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் விவகாரம் சமரசக் குழுவுக்குப் போகும். மன்ற உறுப்பினரைச் சுலபமாக வேலையைவிட்டு அனுப்பவும் முடியாது. முடியாது என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வரலாம். உங்கள் குழுவில் இந்த இரண்டுமே இல்லை, இல்லையா?

உடனே விலக வேண்டாம். எதைப் பேசப்போகிறோம் என்பதையும் அதற்கான கணக்குகளையும் முன்கூட்டியே கேளுங்கள், எழுத்தில். சக ஊழியர்களைக் கேட்காமல் எதற்கும் சரி சொல்லாதீர்கள். உங்கள் மறுப்பு மினிட்ஸில் பதிவாக வேண்டும் என்று வற்புறுத்துங்கள். இதெல்லாம் முடியாது என்றால், கேட்ட கடிதத்தையும் வந்த பதிலையும் எல்லோருக்கும் காட்டிவிட்டு அப்புறம் விலகுங்கள். அவர்கள் கோபம் யார்மேல் திரும்ப வேண்டுமோ அவர்கள்மேல் திரும்பும்.