கறுப்பு மேசையில் ஸ்பிரிட் வேண்டாம்

கேள்வி: லண்டனில் ஏலத்தில் ஒரு பழைய தையல் மேசை வாங்கினோம். கறுப்புப் பூச்சு, மேலே தங்க நிறத்தில் மண்டபங்களும் மனிதர்களும், கால் நுனியில் நகங்கள், உள்ளே தந்தம் போன்ற நூல் சுற்றும் சாமான்கள். 19ஆம் நூற்றாண்டுச் சீன வேலை என்றார்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் அசலா என்று தெரிந்துவிடுமாம். செய்யலாமா? மங்கிய மேல்பலகைக்குப் பாலிஷ் போடலாமா?
– வாசகி, லண்டன்

பதில்: இரண்டுமே வேண்டாம், தயவுசெய்து. ஐரோப்பாவில் சீனப் பொருளைப் பார்த்துச் செய்தவற்றில் பெரும்பாலும் அரக்கு வார்னிஷ்தான், அது ஸ்பிரிட்டில் கரையும். அதை வைத்துத்தான் இந்தச் சோதனையைச் சொல்கிறார்கள். சீனர்கள் பூசியது பூச்சி தரும் அரக்கு அல்ல, ஒரு மரத்தின் பால், அதைத்தான் லேக்கர் என்பார்கள். நம் முந்திரியும் அந்த மரமும் ஒரே குடும்பம், பச்சையாகப் பட்டால் தோல் புண்ணாகிவிடும், ஆனால் ஈரக்காற்றில் இறுகிவிட்டால் ஸ்பிரிட்டுக்கும் அசையாது. சரி, பிறகென்ன பயம் என்றால், அதெல்லாம் புதுப் பூச்சுக்கு. பல வருடம் ஜன்னல் வெளிச்சம் பட்ட பூச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கும், அதில் தண்ணீர் பட்டாலே வெளுத்துப்போகும், ஸ்பிரிட் இன்னும் மோசம். தேய்க்கத் தேய்க்க முதலில் போவது அந்தத் தங்க ஓவியம்தான், போனால் திரும்பாது.

நீங்கள் சொல்லும் அடையாளமெல்லாம் கான்டன், அதாவது இன்றைய குவாங்சோ பட்டறை மேசைக்குப் பொருந்துகிறது. 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கப்பல்களுக்குச் சீனாவில் திறந்திருந்த துறைமுகம் அநேகமாக அது ஒன்றுதான், அதற்குப் பிறகும் அங்கே இந்த வேலை நடந்தது. கப்பல் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில் பூச்சு அடுக்குகளைக் குறைத்துக்கொண்டார்கள், அடியில் பல நேரம் பசையோ ரத்தமோ கலந்த மண்பூச்சு, அதில் ஈரம் இறங்கினால் உப்பிவிடும். அதற்காக மட்டமான பொருள் என்று நினைக்காதீர்கள், அந்தத் தூரிகை வேலையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், கை எவ்வளவு தேர்ந்தது என்று புரியும்.

இப்போதைக்கு வெயிலும் ஹீட்டரும் படாத இடத்தில் வையுங்கள், மென்மையான பிரஷ்ஷால் தூசி மட்டும் தட்டுங்கள், பூச்சு உரிந்து நிற்கும் இடத்தில் அதுவும் கூடாது. அசலா என்பதை லேக்கர் தெரிந்த பாதுகாப்பு நிபுணர் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம், உள்ளே இருப்பது எலும்பா தந்தமா என்று அவரிடமே கேளுங்கள். தந்தம் என்றால் பிரிட்டனில் 2022 ஜூனிலிருந்து நினைத்தபடி விற்க முடியாது. 1947க்கு முந்தைய பொருளாக, பொருளோடு சேர்ந்த தந்தம் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் பதிவு செய்து விற்கலாம்.