தனியாகப் பிள்ளை வளர்ப்போரின் இரவுச் சமையல்: கேள்வியும் பதிலும்

இரண்டு பிள்ளைகளை 11 ஆண்டுகள் தனியாக வளர்த்தவள் நான். மாணவர் விடுதி ஒன்றின் சமையற்கூடத்தையும் நெடுங்காலம் நடத்தியிருக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு சமைத்துப் போடும் பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு, அந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டு விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மாலை ஆறரை மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். எட்டரைக்குள் குழந்தைகள் உறங்க வேண்டும். சமைப்பதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் கிடைப்பதில்லை. அதற்குள் முறையான சாப்பாடு சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான். ஆனால், என்ன சமைப்பது என்ற யோசனையை அந்த நேரத்தில் தொடங்கினால், அரை மணி நேரம் யோசனையிலேயே கழிந்துவிடும். மாலையில் நம்மை அதிகம் அயரச் செய்வது அடுப்பு அன்று, இந்த முடிவெடுக்கும் வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். நாள் முழுவதும் எல்லா முடிவுகளையும் தனியாகவே எடுத்துவிட்டு வருகிறவருக்கு, "இன்றைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கக்கூட வீட்டில் இன்னொரு பெரியவர் இல்லாதபோது, அந்தக் கடைசி முடிவு மலைபோல் நிற்கும். ஆகவே, அதை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எடுங்கள். திங்கள் பருப்பும் சோறும், செவ்வாய் முட்டை, புதன் பாஸ்தா அல்லது நூடுல்ஸ், வியாழன் சூப்பும் ரொட்டியும், வெள்ளி மீதமிருப்பவை என்று வகையை மட்டும் முடிவு செய்தால் போதும், உணவின் பெயர் வரை போக வேண்டியதில்லை. முட்டை நாள் என்று தெரிந்துவிட்டால், அது ஆம்லெட்டா, வதக்கிய தக்காளியின்மேல் உடைத்து ஊற்றி மூடி வேகவைத்ததா என்பதைக் கையில் இருக்கும் காய்கறியே சொல்லிவிடும்.

வீட்டுக்குள் நுழைந்ததும், உடை மாற்றுவதற்கும் முன்னதாக, கையைக் கழுவிவிட்டு அரிசியை அடுப்பில் ஏற்றிவிடுங்கள், அல்லது பாஸ்தாவுக்கான தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அது தன் வேலையைப் பார்க்கும் 15, 20 நிமிடங்களில் உடை மாற்றலாம், பள்ளிப்பையைப் பார்க்கலாம், காய் நறுக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசித்த குழந்தையால் அரை மணி நேரம் காத்திருக்க முடியாது. நறுக்கிய வெள்ளரியையோ, லேசாக வேகவைத்த கேரட்டையோ ஒரு தட்டில் போட்டு, சமையல் முடியும்வரை எடுத்துச் சாப்பிடலாம் என்று முன்னால் வைத்துவிடுங்கள். என் வீட்டில், சாப்பாட்டோடு வைத்தால் தொடப்படாத காய்கள் இந்த வேளையில் வைத்தபோது காலியாயின. அழுகையும் பெருமளவு குறைந்தது.

கேள்வி: ஞாயிறன்று வாரம் முழுவதற்கும் சமைத்து வைத்துப் பார்த்தேன். புதன்கிழமைக்குள் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது, பாதியைக் கொட்ட நேர்ந்தது. நான் செய்த தவறு என்ன?

பதில்: முழு உணவாகச் சமைத்து வைத்தீர்கள், அதுதான். சமைத்து வைக்க வேண்டியது உணவின் பகுதிகளை. ஒரு பானை பருப்பை உப்பு மட்டும் போட்டுக் கெட்டியாக வேகவைத்து வையுங்கள். முதல் நாள் அதைத் தாளித்துச் சோற்றோடு பரிமாறலாம். மறுநாள் தண்ணீரும் கேரட்டும் சேர்த்துக் கடைந்தால் சூப்பாகிவிடும். மூன்றாம் நாள் மிஞ்சியதை மசித்த உருளைக்கிழங்கோடு பிசைந்து, தட்டையாகத் தட்டி, தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்கவிட்டால், அது முதல் நாளின் பருப்பு என்று எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்காது. தோலோடு அவித்த முட்டைகள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பயன் தருவது வெங்காய விழுதுதான். ஒரு கிலோ வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, அடி கனமான வாணலியில் எண்ணெயும் உப்பும் சேர்த்து, மிதமான தீயில் முக்கால் மணி நேரம் வதக்குங்கள். முதல் 10 நிமிடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு வெளுத்துக் கிடக்கும். பிறகு சுருங்கிச் சுருங்கி, விளிம்புகள் முதலில் சிவந்து, கடைசியில் அடியில் ஒட்டும் பழுப்பு நிறத்துக்கு வரும். அப்போது இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்துச் சுரண்டினால் அடியில் ஒட்டிய சுவையெல்லாம் கூடவே வந்துவிடும். நறுக்கிய தக்காளியைச் சேர்த்துச் சுண்டவிட்டு ஆறவையுங்கள். பிறகு ஃப்ரீசருக்கு ஏற்ற உறையில் இட்டு, விரல் கனத்துக்குத் தட்டையாக அழுத்தி, உறையின் மேலிருந்தே கரண்டிக் காம்பால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு உறையவிடுங்கள். வேண்டும்போது சாக்லேட்டை உடைப்பதுபோல் ஒரு கட்டத்தை உடைத்து வாணலியில் போட்டால், இரண்டு நிமிடத்தில் இளகி, முக்கால் மணி நேர வேலை கையில் வந்துவிடும். இது இரண்டு, மூன்று மாதங்கள் சுவை மாறாமல் இருக்கும். என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில் இதை ஒருவர் எனக்குச் சொல்லித் தந்திருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

கேள்வி: காலையில் வடித்த சோற்றை மூடி அடுப்படியிலேயே வைத்துவிட்டு, இரவில் நன்றாகச் சூடாக்கித் தருகிறேன். சூடாக்கிவிட்டால் கிருமிகள் செத்துவிடும் அல்லவா?

பதில்: இந்த வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும், அவை சோறு வேகும் சூட்டையும் தாங்கிப் பிழைப்பவை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகலாம், ஆனால் வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு அழியாது. சோறு மிஞ்சுமென்றால், வடித்தவுடன் அகலமான தட்டில் பரப்பி ஆவியைப் போக்கி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பெட்டியின் குளிர் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும். சமைத்த பிற உணவுகளையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். பெட்டிக்குள் அவை மூன்று நாள் தாங்கும். சூடாக்கும்போது நடுப்பகுதியிலும் ஆவி பறக்க வேண்டும். தேவையானதை மட்டும் எடுத்து, ஒரே ஒரு முறை சூடாக்குங்கள்.

கேள்வி: அம்மா, என் மனைவி மறைந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். எனக்குத் தேநீர் தவிர எதுவும் போடத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுதாமல் இருந்தேன். இந்தத் துயரத்துக்கு நடுவிலும் மகள்களுக்குச் சமைத்துப் போட நினைக்கிறீர்களே, அதுவே நல்ல தொடக்கம். நிறையக் கற்க முயல வேண்டாம். சோறு, பருப்பு, ஒரு முட்டை உணவு, ஒரு காய் வதக்கல், ஒரு சூப்பு ஆகிய ஐந்தைப் பிசகில்லாமல் செய்யப் பழகுங்கள். ஒன்று கைக்கு வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். கூர்மையான கத்தி, அடி கனமான வாணலி, பிரஷர் குக்கர் ஆகிய மூன்றும் போதும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாவதில்லை. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் அது 120 டிகிரியை நெருங்குகிறது. கொண்டைக்கடலை விரைவில் வேகும் காரணம் இதுதான். அழுத்தம் தானாக அடங்கும்முன் மூடியை வலிந்து திறக்காதீர்கள். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ராஜ்மாவை அரை வேக்காட்டில் பரிமாறக் கூடாது, குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போடவும் கூடாது. அதில் இயற்கையாகவே உள்ள லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும், அல்லது குக்கரில் குழைய வேகவைக்க வேண்டும்.

மகள்களிடம் ஒன்று கேளுங்கள். அம்மாவின் சமையலில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது எது, அதில் என்னென்ன இருந்ததாக நினைவிருக்கிறது என்று கேட்டு, அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்து பாருங்கள். அதே சுவை முதல் முறையில் வராது. மூவரும் சேர்ந்து அதைத் தேடுவதே உங்கள் வீட்டுக்கு இப்போது தேவை என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: என் ஐந்து வயது மகன் வெறும் சோறும் நூடுல்சும் தவிர எதையும் தொடுவதில்லை. தினமும் அவனுக்குத் தனியாகவும் எனக்குத் தனியாகவும் சமைக்கிறேன், முடியவில்லை அக்கா.

பதில்: இரண்டு சமையலை நிறுத்திவிடுங்கள் தங்கை, அவனைப் பட்டினி போடாமலே நிறுத்தலாம். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த ஒரு பொறுப்புப் பங்கீடு எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றவர் முடிவு செய்ய வேண்டும். அதில் எதை உண்பது, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்யும். நடைமுறையில், அவன் நிச்சயம் உண்ணும் ஒன்று மேசையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, மற்றவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் பல குழந்தைகளை மிரட்டுகிறது. நூடுல்ஸ் ஒரு கிண்ணத்தில், வதக்கிய காய் ஒன்றில், முட்டை ஒன்றில் இருந்தால், உங்களுக்கு அது மூன்றும் கலந்த சாப்பாடு, அவனுக்கு நூடுல்ஸ், அடுப்பு வேலையோ ஒன்றுதான்.

ஒரு புதிய உணவைக் குழந்தை ஏற்பதற்குப் பத்து முறைக்கு மேலும் அது கண்ணில் பட வேண்டியிருக்கலாம். மூன்றாம் முறையோடு நாம் கைவிட்டுவிடுகிறோம். "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சவும் வேண்டாம், காய் தின்றால் இனிப்பு தருவேன் என்று பேரம் பேசவும் வேண்டாம். பேரம் பேசினால், காய் தண்டனை, இனிப்பு பரிசு என்று நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும். ஆனால் எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி தொண்டையில் சிக்கினாலோ, உண்ணும் உணவுகளின் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போனாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பத்து மாதக் குழந்தையும் பதினான்கு வயது மகளும் ஒரே சமையலை உண்ண முடியுமா?

பதில்: முடியும். உப்பும் காரமும் சேர்க்கும் முன் குழந்தையின் பங்கை எடுத்து மசித்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது. முழு திராட்சை, முழுக் கொட்டைகள், கடினமான பச்சைக் கேரட் துண்டு ஆகியவை கைக்குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது.

கேள்வி: உறையவைத்த காய்கறிகளை வாங்குவது சோம்பேறித்தனமா? சத்து போய்விடும் என்கிறார்கள்.

பதில்: இல்லை. அவை பறித்த சிறிது காலத்திலேயே வெந்நீரில் முக்கியெடுத்து உறையவைக்கப்படுவதால், சத்து பெரும்பாலும் தங்கிவிடுகிறது. நாலைந்து நாள் பெட்டியில் வாடிக்கிடந்த பச்சைக் காயைவிட அவை எவ்விதத்திலும் தாழ்ந்தவை அல்ல. நறுக்கும் வேலையும் மிச்சம். இளகவிடாமல் நேரே சூடான வாணலியில் போடுங்கள், இல்லாவிட்டால் சொதசொதத்துப் போகும்.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் எனக்கு இரவுப் பணி. பன்னிரண்டு வயது மகளும் எட்டு வயது மகனும் நான் இல்லாமல் சாப்பிட வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா துணைக்கு வந்து இருப்பார். பிள்ளைகளை எவ்வளவு நம்பலாம்?

பதில்: பரிமாறுவதையும் சூடாக்குவதையும் மகளிடம் விடலாம். எண்ணெய் வைத்துப் பொரிப்பதை நீங்கள் இல்லாத நாளில் விட வேண்டாம். முதல் சில வாரங்கள் நீங்கள் பக்கத்தில் நின்று, ஒரு சொல்லும் சொல்லாமல், அவள் செய்வதைப் பாருங்கள். மைக்ரோவேவில் சூடாக்கிய பாத்திரத்தின் மூடியை எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்கக் கற்றுக்கொடுங்கள், ஏனென்றால் அந்த ஆவி கையைச் சுட்டுவிடும். மகனுக்கும் ஒரு வேலை இருக்கட்டும். அவித்த முட்டை உரிப்பதும் தட்டு எடுத்து வைப்பதும் அந்த வயதுக்கு நன்றாக வரும். ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வைத்தால் சண்டை வராது. டப்பாவின்மேல் இரண்டு வரி எழுதியும் வையுங்கள். என் மகன் அப்படிப்பட்ட சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்ததை, அவன் வளர்ந்த பிறகுதான் நான் பார்த்தேன்.

கேள்வி: சில இரவுகளில் ரொட்டியும் முட்டையும்தான் முடிகிறது. பிள்ளைகளுக்குக் குறை வைக்கிறேனோ என்று மனம் உறுத்துகிறது.

பதில்: ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டு முட்டை, இரண்டு துண்டு ரொட்டி, நறுக்கிய தக்காளி, ஒரு பழம் என்றால் அது குறையற்ற இரவுச் சாப்பாடு. நான் கவலைப்படுவது உங்கள் தட்டைப் பற்றித்தான். பிள்ளைகள் வைத்த மீதியை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, அதையே சாப்பாடு என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. இரத்தசோகை வந்து, படி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே நான் அதை நிறுத்தினேன். நாளை முதல், தட்டுகளை எடுத்து வைக்கும்போது உங்கள் தட்டையும் சேர்த்து வைத்து, அதில் உங்கள் பங்கை முதலிலேயே போட்டுவிட்டு, அவர்களோடு உட்காருங்கள்.

கேள்வி: இவ்வளவையும் ஒரே நாளில் தொடங்க முடியாது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

பதில்: இன்று இரவு படுக்கப்போகும் முன் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையை, மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி ஊறப்போடுங்கள். வெயில் காலமென்றால் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். காலையில் நீரை வடித்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் மூடி வைத்துவிட்டுப் போங்கள். மாலையில் வந்ததும் முதல் வேலையாகக் குக்கரில் ஏற்றினால், நீங்கள் வெங்காயம் வதக்கி முடிக்கும்போது அது வெந்திருக்கும்.